கோவளத்தில் ஒரு தலை அதிகம்

டெபோரா டீச்சர் கோவளத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். ஆனால் கடலைப் பார்த்ததில்லை. கூடவே போனவள் என்பதால் அடித்துச் சொல்கிறேன். ஆண்டுதோறும் சுற்றுலாப் பிள்ளைகளை பஸ்ஸிலிருந்து இறக்கியதும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து நின்றுவிடுவார். வாயில் விசில். அலை வந்து புடவைக் கரையை நனைத்துவிட்டுப் போகும், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மற்ற டீச்சர்கள் நாங்கள் மாங்காய்த் துண்டை மென்றுகொண்டு காற்று வாங்குவோம். அவர் மட்டும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை, நடுவில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்னொரு முறை.

எங்களுடையது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அவர் உடற்கல்வி, நான் வரலாறு, ஹஃபீசா கணக்கு. என் பெயர் தனம். மூன்று பேரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் தலை நரைத்தவர்கள். இன்றுவரை ஒருவரை ஒருவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

டெபோரா டீச்சருக்குக் காலில் சக்கரம். உட்காரவே தெரியாது. என் மாமியாரின் காரியத்துக்கு வந்தவர், பந்திக்கு முண்டியடித்த என் சொந்தக்காரர்களை உயர வரிசையில் நிற்கவைத்துவிட்டார். என் நாத்தனார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அந்தக் குடும்பம் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இந்த மே மாதக் கடைசியோடு அவருக்கு ஓய்வு. அறுபது வயது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஆசிரியர்களை ஆண்டின் நடுவில் அனுப்பமாட்டார்கள், கல்வியாண்டு முடியும்வரை வைத்திருப்பார்கள். அதனால் அவருடைய கடைசிக் கோடை விடுமுறைதான் கடைசி மாத வேலையும். "பிள்ளைங்க இல்லாம, விசில் இல்லாம ஒரே ஒரு தடவை பீச்சுக்குப் போகணும் டீச்சர்" என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஹஃபீசாவின் கணவர் பக்கீர் முகமது குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவரின் மாடி அறை கோவளத்தில் கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் என்று முடிவானது.

அதற்குள் ஜென்சி போன் செய்துவிட்டாள்.

ஜென்சி, டெபோரா டீச்சரின் ஒரே மகள். டீச்சரின் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மாவும் மகளுமாகக் கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவர்கள். இப்போது ஜென்சிக்கு ஹைதராபாத்தில் வேலை. ஒரு பையன், இப்போதுதான் நடை பழகியிருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து அவளை ஆபீசுக்கு நேரில் வரச்சொல்லிவிட்டார்களாம். "நீதான் ரிட்டயர் ஆயிடறியேம்மா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கேயே வந்துடு. பையனைப் பார்த்துக்க ஆள் வேணும்" என்றாளாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அப்போதுதான் ரயில் டிக்கெட் போட முடியும், வீட்டுத் தரகரிடமும் சொல்ல முடியும்.

டெபோரா டீச்சர் பதில் சொல்லவில்லை. போகப் பிடிக்கவில்லை. போகமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பதிலை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் காரில் ஏறினார்.

ஹஃபீசாதான் காரை ஓட்டினார். குரோம்பேட்டையில் கிளம்பி, கீழ்க்கட்டளையில் அவரை ஏற்றி, அங்கிருந்து சுற்றிக்கொண்டு வண்டலூரில் என்னை ஏற்றினார்கள். ஹஃபீசா கணக்கு டீச்சர், காரிலும் கணக்காகத்தான் போவார். கேளம்பாக்கம் சாலையில் எங்களை சைக்கிள்காரர் தவிர எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள். முன்சீட்டில் டெபோரா டீச்சர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். பையைத் திறந்தார், மூடினார். போனை எடுத்து வெறும் திரையைப் பார்த்தார்.

"அடுத்தவங்க பிள்ளைங்கள மேய்ச்சு இப்பத்தான் முடிச்சிருக்கேன் டீச்சர்" என்றார் திடீரென்று. "பெத்த பொண்ணே ஆயா வேலைக்குக் கூப்பிடறா."

"போகாதீங்க" என்றேன் நான் பின்சீட்டிலிருந்து. யோசிக்கவே இல்லை. அதில் என் சுயநலமும் இருந்தது, மறைப்பானேன்? அடுத்த ஆண்டு எனக்கும் ஓய்வு. டெபோரா டீச்சர் இல்லாத தாம்பரத்தில் நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு வாக்கிங் போவேன்?

ஹஃபீசா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொண்ணு கூப்பிட்டா போயிடணும் டீச்சர். எனக்கு ரெண்டும் பையன். எவனும் கூப்பிடமாட்டான்."

"நீங்க பேசாம ஓட்டுங்க" என்றேன்.

அறையில் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கத்திரி வெயிலில் பகலில் கடற்கரைக்குப் போக முடியாது. நானும் ஹஃபீசாவும் பிரியாணிப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் கட்டையைச் சாய்த்தோம். கண்ணைத் திறந்தால் டெபோரா டீச்சர் மற்றவர்கள் செருப்பை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். மறுபடி திறந்தால் யாருடையதோ கொடித்துணியை மடித்துக்கொண்டிருக்கிறார். மாடியில் நடந்த நடைக்கு அவர் நடந்தே தாம்பரம் போயிருக்கலாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஓய்வெடுக்க வந்த இடத்தில் இந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கால் வலித்தது.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். அவர் தோளைப் பிடித்து, கடலைப் பார்க்கிற மாதிரி மணலில் உட்காரவைத்தேன். "இதுதான் கடல். நல்லா பாருங்க" என்றேன். பார்த்தார். முள்மேல் உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அவ்வளவு நேரம். பிறகு தலை மெல்லத் திரும்பியது. பின்னால் யாரோ பிள்ளைகள் கூச்சல் போட்டால் போதும், உடம்பு முறுக்கிக்கொள்கிறது.

"டீச்சர்! பி.டி. டீச்சரா இது?"

மீன் வறுவல் கடையிலிருந்து ஒரு பெண் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். பச்சையம்மா. எங்கள் பள்ளியின் கோ-கோ அணியில் ஓடியவள். தாம்பரத்துப் பெண், கோவளத்தில் படகுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளாம். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வரலாறு டீச்சர்களை யாருக்கும் நினைவிருப்பதில்லை.

"இன்னா டீச்சர், லீவு வுட்டும் இங்க வந்துகினு கீறீங்க? பசங்க எங்க?"

"பசங்க இல்ல. சும்மா வந்தோம்."

"சும்மாவா? நீங்களா?" என்று சிரித்தாள். சிரித்த கையோடு வஞ்சிரத் துண்டுகளைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். "ஜென்சி எப்டி கீது டீச்சர்? என் கிளாஸ்தானே. இஸ்கூல்ல அது உங்கள டீச்சர்னு கூப்டும். நாங்க கலாய்ப்போம், இன்னாடி, வூட்லயும் டீச்சர்தானான்னு."

அது உண்மைதான். எங்கள் பள்ளியில் அது எழுதாத சட்டம். டீச்சர் பிள்ளை அதே பள்ளியில் படித்தால், கேட்டைத் தாண்டியதும் அம்மா கிடையாது. சலுகை கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஜென்சி ஒரு நாள் மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு "டீச்சர், டீச்சர்" என்று அழுதது எனக்கே நினைவிருக்கிறது. அப்போது அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. டெபோரா டீச்சரின் கண்டிப்பைப் பற்றிப் பெருமையாகக்கூடப் பேசியிருக்கிறேன்.

"நல்லா இருக்கா" என்றார் டெபோரா டீச்சர். மீனைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட பொடிசுகள் மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டினார்கள். கூட ஒரு இளம் டீச்சரும் ஒரு ஆயாவும். இளம் டீச்சர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து டெபோரா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் எங்கள் மாணவிதான், பெயர் ஏஞ்சல். வண்டலூர்ப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலையாம், விடுமுறையில் கோடை வகுப்பு எடுக்கிறாளாம். ஒரு நாள் பழக்கத்திலேயே எல்லாரும் சொந்தமாகிவிடுகிற தாம்பரத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான். மூன்று கிழவிகள் நிம்மதியாகக் கடல் பார்க்க இடம் கிடையாது.

அதற்குப் பிறகு டெபோரா டீச்சரை உட்காரவைக்க என்னால் ஆகவில்லை. பிள்ளைகள் அலையில் கால் நனைத்த நேரம் முழுவதும் அவர் நின்றுகொண்டே இருந்தார். கடலுக்கு முதுகு, பிள்ளைகள் பக்கம் முகம். யாரோ பெற்ற பிள்ளைகள், யாரோ பொறுப்பு. இவருக்கென்ன வந்தது? நான் வாய்விட்டே கேட்டேன். காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது ஏஞ்சல் பிள்ளைகளை வேனுக்கு முன்னால் வரிசையில் நிற்கவைத்தாள். "பாருங்க டீச்சர், உங்க மெத்தட்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். டெபோரா டீச்சரின் உதடும் கூடவே அசைந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஏஞ்சல் கையசைத்தாள், வேன் போய்விட்டது.

"அப்பாடா" என்று நான் மணலில் சாய்ந்தேன். "இப்பவாவது உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "இறங்கினப்ப நான் எண்ணினதுல ஒரு தலை அதிகம் டீச்சர்" என்றார். கரையேற்றி வைத்திருந்த படகுகளின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டென்று நடக்க ஆரம்பித்தார். பிறகு ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓடுகிறவரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு படகுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். தொப்பிக்குக் கீழே ஐந்து வயதுப் பெண் குழந்தை, கை நிறைய சிப்பி.

 படகுக்கு அந்தப் பக்கம் சில அடியில் அலை.

"உன் பேரு என்னம்மா?" என்று ஹஃபீசா குனிந்து கேட்டார்.

"ஷெரின்."

"யாரோட வந்தே?"

"மிஸ்ஸோட."

"எந்த மிஸ்?"

குழந்தை எங்களை ஒரு மாதிரி பார்த்தது. இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "எங்கம்மா மிஸ்."

டெபோரா டீச்சர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். ஏஞ்சலின் நம்பர் எங்களிடம் இல்லை. பச்சையம்மா கத்தினாள்: "டீச்சர், வேனு கேளம்பாக்கம் ரோட்லதான் போச்சு! சீக்கிரம் போங்க!" அன்றைக்கு ஹஃபீசா கணக்கையெல்லாம் மறந்துவிட்டார். எந்தப் பள்ளத்தையும் விட்டுவைக்காமல் ஓட்டினார். நான் முன்சீட்டில் பிடித்த பிடியை விடவில்லை. பின்சீட்டில் டெபோரா டீச்சர் மடியில் குழந்தை சிப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. அழவே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. விட்டுவிட்டுப் போன குழந்தை அழவேண்டாமா?

"அம்மா வேற பசங்களைப் பார்த்துக்கும்போது நான் சமத்தா இருப்பேன்" என்றது, யாரும் கேட்காமலே.

டெபோரா டீச்சர் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு மறுபடி தடவினார்.

வேன் ஒரு டீக்கடை ஓரமாக நின்றிருந்தது. பிள்ளைகளுக்கு ஆயா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் காரைப் பார்த்து ஏஞ்சல் சிரித்துக்கொண்டே வந்தாள். பின்கதவைத் திறந்து டெபோரா டீச்சர் குழந்தையோடு இறங்கியதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நான் சரியாத்தானே எண்ணினேன்..." என்றாள். "ரெண்டு தடவை எண்ணினேனே டீச்சர். எல்லாரும் இருந்தாங்களே. பேரு குடுத்த பிள்ளைங்க எல்லாரும்..."  தன் வயிற்றிலேயே பட்பட்டென்று அடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஷெரின் தன் அம்மாவோடுதான் இருக்கும் என்று ஆயா நினைத்திருக்கிறாள். ஆயாவோடு இருக்கும் என்று ஏஞ்சல் நினைத்திருக்கிறாள். எண்ணும்போது அந்தத் தலை எந்த வரிசையிலும் இல்லை, ஏனென்றால் அது வகுப்புப் பிள்ளை இல்லை, சொந்தப் பிள்ளை.

இப்போது டெபோரா டீச்சர் வெளுத்து வாங்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். பஸ்ஸில் கையை வெளியே நீட்டிய பிள்ளைக்காக டிரைவர் முதல் தலைமையாசிரியை வரை திட்டியவர் அவர்.  ஆனால் அவர் குழந்தையை ஏஞ்சலின் மடியில் வைத்தார். தானும் புழுதி என்று பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏஞ்சல் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

காரைத் திருப்பினோம். கோவளம் வளைவு வருவதற்குள் அவர் போன் அடித்தது. ஜென்சி. ஆண்டுக்கணக்காக விசில் ஊதி டெபோரா டீச்சருக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஹஃபீசா காரை ஓரம் கட்டினார். நாங்கள் இறங்கிக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"என்னம்மா முடிவு பண்ணே? இருக்கிறதே கொஞ்சம் சீட்டுதான், போயிடும்" என்றாள் ஜென்சி.

டெபோரா டீச்சர் போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். "ஜென்சி, ஒண்ணு கேக்கறேன். டூர் போகும்போதெல்லாம் நான் தலையைத் தொட்டு எண்ணுவேனே. உன்னை எண்ணியிருக்கேனா?"



"என்னம்மா திடீர்னு?"

"சொல்லு."

"இல்லம்மா." ஜென்சி சிரிக்கப் பார்த்தாள். "என்னைத் தாண்டிப் போய் அடுத்த பொண்ணைத் தொடுவே. நான் மெதுவா நழுவி வரிசைக் கடைசில போய் நிப்பேன், அங்கயாவது தொடுவியான்னு. அங்கயும் தாண்டிப் போயிடுவே. அது ஒரு விளையாட்டு மாதிரி எனக்கு. விடும்மா, அதெல்லாம் எதுக்கு இப்ப?"

ஹஃபீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  காலையிலிருந்து 'போகாதீங்க, போகாதீங்க' என்று ஓதிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"டிக்கெட் போடு" என்றார் டெபோரா டீச்சர். குரல் கரகரத்தது. "ஜூன் வரைக்கும் இருக்கவேண்டாம். முப்பத்தொண்ணு சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டு நேரா தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து ஏறிடறேன். பையனைப் பார்த்துக்கறேன். நீ நிம்மதியா ஆபீஸ் போ."

  ஜென்சி மெல்லச் சொன்னாள்.

"பையனைப் பகல்ல விட க்ரெஷ் பார்த்தாச்சும்மா. போன மாசமே. அட்வான்ஸ்கூட கட்டிட்டோம்."

"அப்ப எதுக்குடி என்னைக் கூப்பிட்டே?"

"வேலை இருக்குன்னு சொன்னாத்தானே நீ வருவே."

 டெபோரா டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பையன் க்ரெஷ்ஷுக்கே போகட்டும்" என்றார். "நீ ரெண்டு நாள் லீவு போடு."

"நானா? எதுக்கும்மா?"

"நான் உன்னைப் பார்க்க வர்றேன்."